பீப்பாய் மேல் ஒட்டிய சீட்டு யாருக்காக?

2025 நவம்பர் 21ந் தேதி, தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் பற்றிய சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. 1948ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. வேலை நேரம், ஆள் கணக்கு, லைசென்ஸ் என்று இந்த மாற்றத்தைப் பற்றி எத்தனையோ பேசப்பட்டது. ஒரு விஷயம் மட்டும் அதிகம் பேர் கண்ணில் படவில்லை. ஆலைக் காற்றில் இன்ன விஷம் இன்ன அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பழைய சட்டம் தன் இரண்டாவது அட்டவணையில் எண் போட்டு எழுதி வைத்திருந்தது. புதிய தொகுப்புக்குள் அந்த அட்டவணை இல்லை. அளவை சர்க்கார் விதி மூலம் வகுத்துக்கொள்ளட்டும் என்று விடப்பட்டிருக்கிறது.

"எண்தானே, சட்டத்தில் இருந்தால் என்ன, விதியில் இருந்தால் என்ன?" என்று கேட்கலாம். அந்த எண்ணுக்குள்தான் தொழிலாளியின் மூளையும் இருதயமும் நரம்பும் அடங்கிக் கிடக்கின்றன. ஒரு ரசாயனத்தை எந்த வகை அபாயத்தில் சேர்ப்பது, அதன் பீப்பாய் மேல் என்ன படம் ஒட்டுவது, காற்றில் எவ்வளவு அனுமதிப்பது - இதெல்லாம் விஞ்ஞானிகள் மேஜையில் மட்டும் தீர்ந்துவிடும் காரியம் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். ஒரே ஒரு ரசாயனத்தின் கதையை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். அதன் பெயர் கார்பன் டைசல்பைடு. பழைய சட்டப் புத்தகங்களில் கார்பன் பைசல்பைடு என்று இருக்கும்.

செயற்கைப் பட்டு பிறக்கும் இடம்

கோவை, ஈரோடு, திருப்பூர், ராஜபாளையம் வட்டாரங்களில் விஸ்கோஸ் பஞ்சை நூற்கும் தொழிலாளர்கள் ஏராளம். அது செடியில் வெடித்த பஞ்சன்று. மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துப் பிழிந்து, கார்பன் டைசல்பைடோடு கலக்குகிறார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பண்டம் உண்டாகிறது. அதை மறுபடியும் சோடாவில் கரைத்தால் தேன் மாதிரி பாகு கிடைக்கிறது. அந்தப் பாகை நுண்ணிய துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் இழையாக உறைகிறது.

இழை உறையும்போது, உள்ளே போன கார்பன் டைசல்பைடு ஆவியாகத் திரும்பி வெளியே வருகிறது. கூடவே ஹைட்ரஜன் சல்பைடு என்ற இன்னொரு விஷ வாயுவும் வருகிறது. தொட்டிக்கு எதிரே நிற்பவர் யார்? அறுந்த இழையைக் கையால் எடுத்து மாட்டும் தொழிலாளிதான். நம் நூற்பு மில்லுக்கு வந்து சேருவது கழுவி உலர்த்திய பஞ்சு. அதற்கான விலையை முந்தைய ஆலையில் ஒருவர் தன் மூச்சால் கட்டிவிட்டார்.

நம் நாட்டுக்கு இத்தொழில் புதியதில்லை. பெரும்பாவூரில் 1950லும், மத்தியப் பிரதேசத்து நாக்டாவில் 1954லும் ரேயான் ஆலைகள் ஓடத் தொடங்கின. நம் சிறுமுகையிலும் பவானிக் கரையில் ஒரு விஸ்கோஸ் ஆலை பல ஆண்டுகள் ஓடி மூடப்பட்டது. ஆலைக்குள் இருப்பவருக்குக் காற்றும், வெளியே இருக்கும் விவசாயிக்கு ஆறும் - இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: இந்தத் தொழில் எதை வெளியே விடுகிறது, அது யார் உடம்பில் போய்ச் சேருகிறது?

ஒரே திரவம், மூன்று அபாயம்

கார்பன் டைசல்பைடு ஒரு திரவம். கரியும் கந்தகமும் சேர்ந்தது. 1796ல் லாம்பாடியஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். இதில் மூன்று வகை அபாயம் உண்டு.

முதலாவது தீ. 46 டிகிரி சூட்டிலேயே இது கொதித்துவிடும். பனிக்கட்டி உறையும் நிலைக்கு 30 டிகிரி கீழே இருக்கும்போதுகூட, நெருப்புப் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். பொறிகூட வேண்டாம்; சுமார் 90 டிகிரி சூடான இரும்பு போதும், தானாகப் பற்றும். ஆலையில் ஓடும் நீராவிக் குழாயின் சூடு அதைவிட அதிகம். காற்றில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு சேர்ந்தாலும் வெடிக்கும், ஐம்பது பங்கு சேர்ந்தாலும் வெடிக்கும். இதன் ஆவி காற்றைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் கனமானது. ஆகவே மேலே போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்து, பள்ளத்திலும் சாக்கடைக் கால்வாயிலும் தேங்கி, எங்கோ தூரத்தில் இருக்கும் நெருப்பைத் தேடிப் போய்ப் பற்றும். இதனால்தான் இந்தத் திரவத்தைத் தண்ணீருக்கு அடியில் வைத்துப் பாதுகாப்பார்கள்.

இரண்டாவது உடனடி விஷம். தொட்டியில் கசிவு ஏற்பட்டு, ஆவியை அதிக அளவில் ஒருவர் முகர்ந்தால் தலை சுற்றும், நினைவு தப்பும், உயிரும் போகும்.

மூன்றாவது மெல்லக் கொல்லும் விஷம். கொஞ்சம் கொஞ்சமாக, பத்து வருஷம், இருபது வருஷம் ஒருவர் முகர்ந்தால் என்ன ஆகும்? தூக்கம் வராது. வந்தாலும் கெட்ட கனவு. காரணமில்லாமல் கோபம். மறதி. கால் மரத்துப் போகும், கை நடுங்கும். மூளைக்கும் கண்ணுக்கும் இருதயத்துக்கும் போகும் ரத்தக் குழாய்கள் கெடும். பிள்ளைப் பேற்றுக்கும் இதனால் ஊறு உண்டு என்று சந்தேகிக்கப்படுகிறது.

மூன்று அபாயமும் ஒரே பீப்பாய்க்குள் இருக்கின்றன. ஆனால் தீ அபாயத்துக்குச் சீக்கிரமே சீட்டு கிடைத்துவிட்டது. மெல்லக் கொல்லும் விஷத்துக்குத் தக்க மரியாதை கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஏன்? தீப்பிடித்தால் ஆலை எரியும், சரக்கு எரியும், இன்ஷூரன்ஸ் கம்பெனி வந்து கேள்வி கேட்கும். நரம்பு செத்தால் தொழிலாளி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். மறுநாள் காலை வேறொருவர் கேட்டில் வந்து நிற்பார். யாருடைய நஷ்டம் கணக்கில் ஏறுகிறதோ, அவருடைய அபாயம்தான் முதலில் வகைப்படுத்தப்படுகிறது. இந்தத் துறையின் சரித்திரம் முழுவதும் இதுதான் நடந்திருக்கிறது.

தெரியாமல் நடந்ததா?

"அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்?" என்று சமாதானம் சொல்வார்கள். தேதிகளைப் பாருங்கள்.

1856ம் ஆண்டிலேயே பாரிஸ் நகரத்து டாக்டர் டெல்பெஷ், ரப்பர்ப் பொருள் செய்யும் தொழிலாளர்களைப் பரிசோதித்து, கார்பன் டைசல்பைடு ஆவியால் அவர்களுக்குப் புத்தி பேதலிக்கிறது, கைகால் விழுகிறது என்று எழுதிவிட்டார். இங்கிலாந்தில் ரப்பர் ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள் ஷிப்ட் முடிந்து தள்ளாடித் தள்ளாடி வீடு போனதையும், சிலர் சித்தம் கலங்கி மாடி ஜன்னல் வழியாகக் குதித்ததையும் டாக்டர் தாமஸ் ஆலிவர் பதிவு செய்தார். அதற்கு ஆலை கண்ட பரிகாரம் என்ன? ஜன்னல்களுக்குக் கம்பி போட்டார்கள்! விஷ ஆவி வெளியே போக வழி செய்யவில்லை. தொழிலாளி வெளியே விழாமல் இருக்க வழி செய்தார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் விஸ்கோஸ் தொழில் பிறந்தது. 1892ல் அதற்குப் பேட்டன்ட் எடுத்தார்கள். 1905ல் இங்கிலாந்தின் காவென்ட்ரியில் கோர்ட்டால்ட்ஸ் கம்பெனி விஸ்கோஸ் இழை உற்பத்தி தொடங்கியது. 1938ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் முன்னின்று நடத்திய ஆய்வு, ரேயான் தொழிலாளர்களிடையே அதே மூளைக் கோளாறையும் நரம்புக் கோளாறையும் கண்டது. 1954ல் இத்தாலிய டாக்டர் விலியானி, விஸ்கோஸ் தொழிலாளர்களின் மூளை ரத்தக் குழாய்கள் கெட்டிருப்பதை எடுத்துக் காட்டினார். 1968ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் வந்த ஆராய்ச்சி, விஸ்கோஸ் இழை நூற்கும் தொழிலாளர்கள் இருதய நோயால் சாவது மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று காட்டியது.

1856 முதல் 1968 வரை 112 வருஷம். இத்தனை காலம் அந்தச் சாவுகள் எங்கே ஒளிந்திருந்தன? டாக்டர் சீட்டில் "மாரடைப்பு" என்ற ஒரே வார்த்தையில் ஒளிந்திருந்தன. மாரடைப்பு யாருக்கும் வரலாம் அல்லவா? வயசாகிவிட்டது, பீடி குடித்தான், கவலைப்பட்டான் என்று காரணம் சொல்லிவிடலாம். தொழிலாளி செத்துக்கொண்டிருந்தார், அவர் எதனால் செத்தார் என்று எண்ணுவதற்கு ஆள் இல்லை. எண்ணாத சாவுக்கு வகை கிடையாது, வகையில்லாத அபாயத்துக்குச் சீட்டு கிடையாது.

எண்ணிப் பார்த்த இடத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பின்லாந்தில் 343 விஸ்கோஸ் தொழிலாளர்களையும், அவர்களுக்கு இணையாக 343 காகித ஆலைத் தொழிலாளர்களையும் தேர்ந்தெடுத்து வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். விஸ்கோஸ் பக்கத்தில் இருதயச் சாவு மிக அதிகம் என்று தெரிந்தது. உடனே காற்றில் ஆவியின் அளவைக் குறைத்தார்கள்; இருதயக் கோளாறுக்கு அறிகுறி இருந்தவர்களை ஆவி இல்லாத வேலைக்கு மாற்றினார்கள். 15 ஆண்டுத் தொடர் ஆய்வில், அந்த அதிகப்படியான சாவு தணிந்துவிட்டது தெரிய வந்தது. அதாவது, இது தலைவிதியன்று. அளந்தால், குறைத்தால், மனிதர் பிழைக்கிறார்.

கப்பலேறிப் போன இயந்திரம்

இன்னொரு பாடம் தென் கொரியாவில் இருந்து வருகிறது. 1960களில் ஜப்பானிய ரேயான் கம்பெனி ஒன்று பயன்படுத்திய பழைய இயந்திரங்கள் தென் கொரியாவுக்கு விற்கப்பட்டன. சியோல் நகருக்கு அருகே வொன்ஜின் ரேயான் ஆலை அவற்றைக் கொண்டு ஓடியது. 1980களில் ஆலைத் தொழிலாளர்கள் பக்கவாதத்தால் விழுந்தார்கள். பேச்சுக் குழறியது, மூளை மழுங்கியது. 1988ல், சியோலில் ஒலிம்பிக் நடக்கும் வருஷத்தில், பாதிக்கப்பட்டவர்களும் குடும்பத்தாரும் வெளியே வந்து உலகத்துக்குத் தங்கள் கதையைச் சொன்னார்கள். 1991ல் இறந்த ஒரு தொழிலாளியின் சாவு தொழில் நோயால் வந்தது என்று ஒப்புக்கொள்ளும் வரை உடலை அடக்கம் செய்ய மாட்டோம் என்று மாதக்கணக்கில் போராடினார்கள். 1993ல் ஆலை மூடப்பட்டது. மொத்தத்தில் 900க்கும் மேற்பட்டோர் கார்பன் டைசல்பைடு நோயாளிகள் என்று அங்கீகரிக்கப்பட்டார்கள். அந்தப் போராட்டத்தில் பெற்ற நிதியின் வழியாக, தொழில் நோய்களைக் கவனிக்கும் ஆஸ்பத்திரியே எழும்பியது.

ஆலை மூடியபின் இயந்திரங்களை உடைத்துப் போட்டார்களா? இல்லை. 1994ல் அவை சீனாவுக்கு விற்கப்பட்டன. மனிதரின் நோய் ஊரில் தங்கிவிட்டது. நோய் தந்த இயந்திரம் கப்பலேறிப் போனது. ஒரு நாட்டில் ஆகாது என்று ஒதுக்கிய இயந்திரம் இன்னொரு நாட்டில் "முன்னேற்றம்" என்ற பெயரில் இறங்குவதைத் தடுக்க வேண்டுமானால், எந்த ரசாயனம் எந்த வகை அபாயம் என்பது எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சீட்டை வாசிக்கக் கற்போம்

ஐக்கிய நாடுகள் சபை 2003ல் வெளியிட்ட உலகப் பொது வகைப்பாட்டு முறையின் நோக்கமே அதுதான். அதன்படி ஒன்பது படங்கள் உண்டு. சிவப்புக் கோடு போட்ட சாய்சதுரத்துக்குள் கறுப்புப் படம் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

கார்பன் டைசல்பைடு பீப்பாயில், ஐரோப்பிய யூனியன் வகைப்படுத்தியபடி, மூன்று படங்கள் இருக்க வேண்டும். ஒன்று தீச்சுவாலை: எளிதில் பற்றும். மற்றொன்று ஆச்சரியக்குறி: தோலையும் கண்ணையும் உறுத்தும். மூன்றாவது மனிதனின் மார்பில் நட்சத்திரம் வெடித்தாற்போல ஒரு படம். தோழர்கள் முக்கியமாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய படம் இந்த மூன்றாவதுதான். நீண்ட நாள் முகர்ந்தால் உள்ளுறுப்புகள் கெடும், பிள்ளைப் பேறு பாதிக்கப்படலாம் என்பது அதன் பொருள். உறுப்புகளைக் கெடுக்கும் விஷயத்தில் இந்த ரசாயனம் முதல் வகையில் வைக்கப்பட்டிருக்கிறது.

முதல் வகை என்றால் என்ன? இந்த முறையில் எண் சிறியதானால் அபாயம் பெரியது. 1 என்பது மிகக் கொடியது. ஆனால் அமெரிக்கத் தீயணைப்பு முறையில் நான்கு கட்டமாகப் பிரித்த வண்ணச் சதுரம் ஒன்று சில தொட்டிகளில் ஒட்டியிருக்கும். அதில் நேர் எதிர். 0 என்றால் அபாயமில்லை, 4 என்றால் மிகக் கொடியது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் உயிர் போகும். இதை ஆலையில் யாராவது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களா?

ரோட்டில் போகும் டாங்கர் லாரியைப் பாருங்கள். 1131 என்ற எண் இருந்தால் உள்ளே இருப்பது கார்பன் டைசல்பைடு. போக்குவரத்து விதியில் அதற்கு முதல் அபாயம் தீ, துணை அபாயம் விஷம். வழியில் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்காக எழுதிய சீட்டு அது. இருபது வருஷம் முகர்ந்தால் என்ன ஆகும் என்பது லாரிச் சீட்டில் இருக்காது. அது பாதுகாப்பு விவரத் தாளில் இருக்கும். பதினாறு பகுதிகள் கொண்டது அந்தத் தாள். இரண்டாவது பகுதி என்னென்ன அபாயம் என்று சொல்லும். நாலாவது முதலுதவி. எட்டாவது, காற்றில் எவ்வளவு இருக்கலாம், என்ன கவசம் வேண்டும் என்பது. பதினோராவது, உடம்பை என்ன செய்யும் என்பது. 1989ம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகளே இந்தத் தாளைத் தயாரிக்கச் சொல்லின. அது மானேஜர் அலமாரியில் பூட்டிக் கிடக்க எழுதப்பட்ட தாளன்று.

ஒரே மூக்கு, நாலு எண்

இனி அந்த எண்ணுக்கு வருவோம். எட்டு மணி நேர வேலையில், பத்து லட்சம் பங்கு காற்றில் கார்பன் டைசல்பைடு எத்தனை பங்கு இருக்கலாம்?

அமெரிக்காவின் சட்ட அளவு 20. நமது பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை 10 என்றது. ஐரோப்பிய யூனியன் 2009ல் 5 என்று வழிகாட்டியது. அமெரிக்க சர்க்காரின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையமோ 1 தான் இருக்கலாம் என்று சிபாரிசு செய்கிறது.

ரசாயனம் ஒன்றுதான். மனிதனின் மூக்கும் நரம்பும் எங்கும் ஒன்றுதான். ஆனால் எண் 20, 10, 5, 1. ஒரே நாட்டில் விஞ்ஞானிகள் 1 என்கிறார்கள், சட்டம் 20 என்கிறது! இடையில் இருக்கும் 19 எங்கிருந்து வந்தது? ஆவியை இழுக்கும் காற்றாடிக்கும், மூடிய இயந்திரத்துக்கும் ஆகும் செலவு ஒரு பக்கம், தொழிலாளியின் ஆயுள் மறு பக்கம் என்று வைத்து நிறுத்த தராசில் இருந்து வந்தது. அந்தத் தராசைப் பிடித்திருக்கும் கையில் சங்கத்தின் கையும் சேர வேண்டும் என்பதே நமது வாதம்.

வயலில் ஒட்டிய முக்கோணம்

விவசாயத் தொழிலாளர்கள் இது ஆலைக்காரர் விவகாரம் என்று இருந்துவிட வேண்டாம். பூச்சிமருந்து டப்பாவில் வண்ண முக்கோணம் இருக்கிறதே, அதுவும் இதே வகைப்பாடுதான். 1971ம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகள்படி சிவப்பு மிகக் கொடிய விஷம், மஞ்சள் அடுத்தது, நீலம் அதற்கடுத்தது, பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. எதை வைத்து நிறம் முடிவாகிறது? சோதனை மிருகங்களில் பாதி சாக எவ்வளவு மருந்து வேண்டும் என்ற கணக்கை வைத்து. வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்ததில், ஒரு கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் வரை போதுமானால் சிவப்பு. 51 முதல் 500 வரையானால் மஞ்சள்.

இந்தக் கணக்கில் பாராக்வாட் என்ற களைக்கொல்லி மஞ்சளில் விழுகிறது. ஆனால் பாராக்வாட் உள்ளே போனால் மாற்று மருந்தே கிடையாது. ஒரு வாய் விழுங்கினாலும் நுரையீரல் கெட்டுச் சாவு நிச்சயம் என்ற நிலை. மிருகத்தின் கணக்கில் இரண்டாம் இடம், மனிதன் கணக்கில் முதல் இடம். அதோடு, ஒரே நாளில் விழுங்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்த முக்கோணம் சொல்லும். முதுகில் தெளிப்பானைச் சுமந்து, பருவத்துக்குப் பருவம், வருஷத்துக்கு வருஷம் நனைகிற கூலியாளின் உடம்புக்கு என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. எண்டோசல்பானும் சிவப்புச் சீட்டு ஒட்டிய மருந்தாக இருக்கவில்லை. ஆனாலும் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் ஆகாயத்தில் இருந்து அதைத் தெளித்த ஊர்கள் பட்ட துன்பத்தை நாடே அறியும். 2011ல்தான் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை போட்டது.

ஆலைத் தொழிலாளிக்கு மெல்லக் கொல்லும் ஆவி, வயல் தொழிலாளிக்கு மெல்லக் கொல்லும் தெளிப்பு. இருவர் சீட்டிலும் விடுபட்டுப் போனது ஒன்றேதான்: நாள்பட்ட உழைப்பில் நாள்பட்டுச் சேரும் விஷம்.

சீட்டு கவசமாகாது

சரியான சீட்டு ஒட்டிவிட்டால் வேலை முடிந்ததா? முடியவில்லை. வகைப்படுத்துவது முதல் படி. "படம் ஒட்டியிருக்கிறோம், முகமூடி கொடுத்திருக்கிறோம், அப்புறம் உன் பொறுப்பு" என்று தொழிலாளியின் தலையில் கட்டிவிடப் பார்ப்பார்கள். இயந்திரத்தை மூடி ஆவியை உள்ளேயே பிடித்து மீண்டும் பயன்படுத்துவது முதல் கடமை. தரையோடு ஊரும் ஆவியைத் தரை மட்டத்திலேயே இழுக்கும் காற்றுப்போக்கு அடுத்தது. காற்றை அளப்பது, ஆவி நிறைந்த இடத்தில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது அதற்கடுத்தது. எல்லாம் செய்தும் மிஞ்சுவதற்குத்தான் முகமூடி. மூக்கை நம்பவே கூடாது. இந்த ஆவிக்கு மூக்கு பழகி மரத்துவிடும். ஷிப்ட் முடிவில் சிறுநீரைப் பரிசோதித்தால் உடம்புக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். அந்தப் பரிசோதனை முடிவு தொழிலாளியின் கைக்கு வர வேண்டும்.

"இப்படியெல்லாம் கேட்டால் ஆலையை மூட வேண்டியதுதான், வேலை போய்விடும்" என்று பயமுறுத்துவார்கள். வேலை போகும் பயம் சின்ன பயமன்று. சிறுமுகையில் ஆலை மூடிய பின் குடும்பங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆனால் வொன்ஜின் ஆலை தொழிலாளர்கள் பாதுகாப்பு கேட்டதால் மூடப்படவில்லை; பாதுகாப்பு கொடுக்காமல் 900 பேரை நோயாளியாக்கியதால் மூடப்பட்டது. பின்லாந்தில் விஷத்தைக் குறைத்தார்கள், ஆட்கள் பிழைத்தார்கள். ஆக, வேலையையும் உயிரையும் எதிரெதிரே நிறுத்துவது கணக்கு தவறிய பேச்சு.

"சீட்டில் இவ்வளவும் எழுதினால் தொழிலாளி பயந்துவிடுவான்" என்று இன்னொரு வாதம். தெரிந்த அபாயத்தைக் கண்டு தொழிலாளி ஓடியதாகச் சரித்திரம் இல்லை. கொதிக்கும் கொப்பரைக்கும் சுழலும் இயந்திரத்துக்கும் நடுவில் தினமும் வேலை செய்பவருக்கு உண்மையைக் கேட்கும் தைரியம் இல்லையா?

நாம் கேட்பது என்ன?

போபாலில் 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் மெத்தில் ஐசோசயனேட் வாயுவுக்குப் பலியான பிறகுதான், 1987ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயத் தொழில் நடக்கும் ஒவ்வொரு ஆலையிலும் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் உட்காரும் பாதுகாப்புக் கமிட்டி அமைக்க வேண்டும் என்று அந்தத் திருத்தம் கட்டளையிட்டது. அபாயத்தைப் பற்றிய தகவலைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்றது. உடனடி அபாயம் கண்டால் எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தது. தகவல் கடமையும் எச்சரிக்கும் உரிமையும் புதிய தொகுப்பில் தொடர்கின்றன. கமிட்டியோ, சர்க்கார் உத்தரவிட்டால் அமைப்பது என்ற நிலைக்கு இறங்கியிருக்கிறது. போபாலில் செத்தவர்கள் வாங்கிக் கொடுத்த உரிமை அது. அதைக் கை நழுவ விடலாமா?

ஆகவே நாம் கேட்கிறோம்:

அபாயகர ரசாயனம் கையாளும் ஒவ்வொரு ஆலையிலும், ஆள் எண்ணிக்கையைப் பார்க்காமல், பாதுகாப்புக் கமிட்டி அமைக்கும்படி மாநில சர்க்கார் பொது உத்தரவு போட வேண்டும்.

கார்பன் டைசல்பைடு உள்ளிட்ட விஷங்களின் அளவை, இன்றைய விஞ்ஞானம் சொல்லும் பாதுகாப்பான எண்ணுக்கு விதிகளில் இறக்க வேண்டும். பழைய 10ஐ அப்படியே பிரதி எடுத்து எழுதுவது போதாது.

பீப்பாய்ச் சீட்டும் பாதுகாப்பு விவரத் தாளும் தமிழில் இருக்க வேண்டும். வேலை தேடி வந்திருக்கும் ஒடியா, இந்தி, வங்காளத் தொழிலாளருக்கு அவரவர் மொழியில் இருக்க வேண்டும். காண்டிராக்டில் வேலை செய்பவருக்கும் அதே தாள், அதே பயிற்சி, அதே வைத்தியப் பரிசோதனை வேண்டும்.

கார்பன் பைசல்பைடு விஷநோய், சர்க்காருக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் எப்போதோ இருக்கிறது. பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. இருதய நோயும் நரம்பு நோயும் கொண்டு வரும் தொழிலாளியிடம், "எந்த ஆலையில், எந்தப் பகுதியில், எத்தனை வருஷம் வேலை செய்தீர்கள்?" என்று ஈ.எஸ்.ஐ. டாக்டர்கள் கேட்டு எழுத வேண்டும்.

பூச்சிமருந்தின் நிறத்தைத் தீர்மானிக்கும்போது, ஒரு நாள் விஷத்தோடு நாள்பட்ட விஷத்தையும், மாற்று மருந்து உண்டா இல்லையா என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று காத்திருக்காமல் சங்கங்கள் செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. இந்த வாரமே ஒவ்வொரு ஆலைச் சங்கமும் தன் ஆலைக்குள் வரும் ரசாயனங்களின் பெயரைப் பட்டியல் எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு விவரத் தாளை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்கலாம். இரண்டாவது, எட்டாவது, பதினோராவது பகுதிகளைப் படித்த தோழர் ஒருவர் மற்றவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டலாம். ஓய்வு பெற்றவர்களில் யார் யாருக்கு என்ன நோய், ஐம்பது வயசுக்குள் இறந்தவர்கள் எத்தனை பேர், எந்தப் பகுதியில் வேலை செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். டெல்பெஷ் முதல் பின்லாந்து டாக்டர்கள் வரை செய்தது இந்த எண்ணும் வேலையைத்தான். கிராமத்துச் சங்கங்களும் தெளிப்பு வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி இதே மாதிரி நோட்டுப் போடலாம்.

சட்டத்தில் ஏறிய ஒவ்வொரு பாதுகாப்பு எண்ணுக்கும் பின்னால் யாரோ ஒரு தொழிலாளியின் மரத்துப்போன கால் இருக்கிறது, அதை மறைக்க முடியாதபடி எண்ணிக் காட்டிய ஒரு கணக்கும் இருக்கிறது. அடுத்த எண்ணைத் தீர்மானிக்க இன்னொருவரின் கால் மரத்துப்போகும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கணக்கைச் சங்கம் தன் கையில் எடுத்துக்கொள்ளட்டும்.